காடுகாண் காதையும் கதிர்காமப் பாதையும்

காட்டைப் பற்றிய எழுத்து இன்று தமிழில் பெருகி வருகின்றது. ஞாயிற்றுப் பதிப்புக்களிலும் பயண நூல்களிலும் உல்லாசப் பயணிகளுக்கான வழிகாட்டிப் பிரசுரங்களிலும் ‘மனிதக் காலடி படாத கன்னிக்காடு’ என்னும் தொடர் சலிப்பூட்டுமளவுக்கு வருகிறது. காலடி படாத காட்டில் நடைபாதை எங்ஙனம் உண்டாயிற்று என்ற எளிய கேள்வியை அவ்வெழுத்தாளர்கள் எழுப்பிக்கொள்வதாகத் தெரியவில்லை. பாதை என்பது உழைப்பின் விளைவு. தேன் எடுக்கச் சென்றவனும் மாடு சாய்த்துச் சென்றவனும் விறகு சுமந்து வந்தவளும் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கியது அது. இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளும் இலக்கியம் எது, அதை மூடி மறைக்கும் இலக்கியம் எது என்று பிரித்தறிய முயல்வதே இங்கு நாம் செய்யப்போவது.

முதலிற் சொல்லொன்றைத் திருத்திக்கொள்வோம். எல்லாக் காட்டையும் ‘மழைக்காடு’ என்று எழுதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இலங்கையில் உண்மையான மழைக்காடு தென்மேற்கிலுள்ளது. சிங்கராசவனம் அதற்குச் சிறந்த உதாரணம். 1988இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆனால் அக்காடு 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கொண்டு தறிக்கப்பட்டது என்பதையும், இன்று குடாவைப் பக்கமாக உள்ளே நடப்பவர்கள் பெரும்பாலும் அன்று மரம் இழுத்த பாதையிலேயே நடக்கிறார்கள் என்பதையும் வழிகாட்டிப் பிரசுரங்கள் உரத்துச் சொல்வதில்லை. நமது மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைக்கு அப்பாலும், தெற்கே பொத்துவிலைத் தாண்டியும் பரந்திருப்பவை வேறு இனத்தைச் சேர்ந்தவை. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கும் வரண்ட பருவக்காற்றுக் காடுகள் அவை. மாரியில் மூன்று நான்கு மாதம் நனைந்து, எஞ்சிய காலமெல்லாம் தாகத்தில் நிற்பவை. இக்காட்டுக்குள் நடப்பவனுக்கு முதற் கேள்வி அழகு பற்றியதன்று. தண்ணீர் எங்கே என்பதுதான்.

இந்தக் கேள்வியைத் தமிழிலக்கியம் அறியாததன்று. மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லுவதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் அவை. அரசனைப் புகழும் பாட்டு என்பதில் ஐயமில்லை. பாட்டின் முடிவு அரண்மனை வாயிலில்தான். நிலப்பிரபுத்துவத்தின் வாசலுக்குக் கலைஞனை அனுப்பிவைக்கும் ஆற்றுப்படை மரபின் எல்லைப்பாடு அது. ஆனால் வாயிலை அடையுமுன் வரும் பகுதியை ஊன்றிப் படித்தால், அரசனுக்குச் சற்றும் சொந்தமில்லாத ஓர் அறிவைக் காண்கிறோம். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியிலிருக்கும், ஆகவே விடிந்தபின் நடவுங்கள் என்கிறான் அக்கூத்தன். தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் உங்கள் மேலும் விழலாம், மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் எதைப் பற்றிக்கொண்டு போகவேண்டுமென்று சொல்கிறான். எல்லாவற்றிலும் நம்மைக் கவர்வது வேறொன்று: வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் தடுமாறாதபடி சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்கிறான் அவன். இன்று மரங்களில் வர்ணம் பூசியும் அம்புக்குறிப் பலகை நட்டும் செய்வதை, ஏறத்தாழ ஈராயிரமாண்டுகளுக்கு முன் ஓர் ஏழைக் கூத்தன் புல்முடிச்சாற் செய்யச் சொல்கிறான். தன் கூட்டத்துக்குமப்பால், முகமறியாத அடுத்த கூட்டத்தையும் எண்ணிய சொல் அது.

இதற்கு நேரெதிராக நிற்பது சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் வரும் மாங்காட்டு மறையோன் சொல்லும் வழி. கொடும்பாளூரை அடுத்து மூன்றாகப் பிரியும் மதுரைப் பாதைகளை அவன் கோவலனுக்கு விரிவாகவே விளக்குகிறான். வலப்பக்க வழியிலுள்ள மரஞ்செடிகளையும் பயிர்களையும் அவன் வருணிப்பதில் நேரிற் கண்டவனின் கூர்மை உண்டு; அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இடப்பக்க வழிக்கு வந்ததும் அவனது வாய் பொய்கைகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. ஒன்றில் மூழ்கினால் ஒரு சித்தி, மற்றொன்றில் மூழ்கினால் வேறொரு சித்தி, பழம்பிறப்பும் தெரியவரும், நினைத்ததெல்லாம் கைகூடும். வீடிழந்து பொருளிழந்து, நடந்தறியாத மனைவியோடு கானல் வழியில் நிற்பவனுக்கு இவற்றால் என்ன பயன்? இக்கேள்வியை நாம் எழுப்பவேண்டியதில்லை. கவுந்தியடிகள் அங்கேயே எழுப்பி, அப்பொய்கைகள் வேண்டியதில்லை என்று தள்ளிவிடுகிறார். சமணத் துறவியின் வாயாகச் சமயவாதமாகவே அது வருகிறதெனினும், வழி கேட்டவனுக்கு அற்புதம் சொல்லும் எழுத்தின் மீதான முதல் விமர்சனமாகவே நாம் அதனைக் கொள்கிறோம். அடுத்த காதையிலேயே எயினர் வந்துவிடுகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. இளங்கோவின் காடு வெறுங் காடன்று. வறுமையுற்ற வேட்டுவக் குடியொன்று தன் தெய்வத்தை ஆடவைத்துப் பேசவைக்கும் இடம். வகுப்பறைகளில் இக்காதையை மூவழிகளின் பெயர்ப் பட்டியலாக மட்டும் மனனம் செய்விக்கும் நமது பழக்கம் வருந்தத்தக்கது.

வைகாசியில் கண்ணகைக்குக் குளிர்ச்சி பாடும் மட்டக்களப்பாருக்கு இந்தப் பயணம் அந்நியமானதன்று. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரையில் வழிநடைக்கென ஒரு காதையே உண்டு. கோயிற் பந்தலில் அதைக் கேட்டிருக்கும் மக்களே ஆனி, ஆடி மாதங்களிற் கால்நடையாகக் கதிர்காமம் புறப்படுகிறார்கள். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து இறங்கிவரும் அடியார் கூட்டம் வெருகலையும் மாமாங்கத்தையும் மண்டூரையும் திருக்கோவிலையும் கடந்து பொத்துவில் வழியாக உகந்தையை அடைகிறது. உகந்தை முருகன் கோயிலுக்கப்பால் குமணைக் காடு. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று சில நாள் நடை, பின் கதிர்காமம். போர்க்காலத்தில் அற்றுப்போன இந்நெடும் பாதயாத்திரை 1988இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

இவ்வழியை இலக்கியம் எவ்வாறு கண்டிருக்கிறது? மிக வலிமையாகக் கண்டவர் ஓர் ஆங்கிலேயர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், கதிர்காம விழாவுக்கு வரும் யாத்திரிகரை மேற்பார்வை செய்தவர். வேலையை உதறிச் சென்றபின், காட்டினுள்ளே ஒரு கிராமம் அழிந்த கதையை 1913இல் நாவலாக வெளியிட்டார். அதில் வரும் பெத்தகமவின் வேட்டைக்காரன் சிலிந்துவுக்குக் காடு அழகுமன்று, ஆன்மீகமுமன்று; பசியும் அச்சமும் நீர்க்குட்டையை நோக்கிய ஒற்றையடிப் பாதையும்தான். அவன் குடும்பத்தை அழிப்பது காட்டு விலங்கன்று. சேனை வெட்டும் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் கிராமத் தலைவனும், கடன் கொடுக்கும் முதலாளியும், அவர்கள் சொல்லை நம்பும் நீதிமன்றமுமே அதைச் செய்கின்றன. கதிர்காமத்தைப் பெயர் மாற்றி அவர் அமைத்த திருத்தலத்துக்கு இக்குடும்பம் நடந்து செல்லும் பகுதியும் நாவலில் உண்டு. காட்டின் கொடுமையை ஏதோ மாறா விதிபோல இறுதியில் உயர்த்திவிடுகிறார் என்பது அந்நூலின் குறை. தாமே தூக்கிநின்ற ஏகாதிபத்திய நிர்வாகத்தின் மீது விழவேண்டிய குற்றத்தின் ஒரு பகுதியைக் காட்டின் மீது சாய்த்துவிட்டார். ஆயினும், பாதையில் நடப்பவனின் வயிற்றைப் பற்றி அவர் எழுதிய அளவுக்கு நமது கதிர்காம நூல்கள் எழுதவில்லை.

நமது யாத்திரை நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் மாங்காட்டு மறையோனின் மரபில் வந்தவை. யானை வழிவிட்டது, கரடி கும்பிட்டது, வழி தப்பியவரைச் சிறுவன் ஒருவன் கைபிடித்து அழைத்துச் சென்று மறைந்தான் என்று அற்புதங்கள் அடுக்கப்படுகின்றன. நம்பிக்கையோடு நடப்பவர்களை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. சாதியும் ஊரும் பாராது ஓர் உலையிற் சமைத்து ஒரு மரத்தடியிற் படுத்துறங்கும் அந்நாட்களில், வெளியே கிடைக்காத ஒரு சமத்துவத்தை அம்மக்கள் சுவைக்கிறார்கள். குறை அவர்களிடமில்லை, எழுதுவோரிடம். பாலைப்பழம் பழுக்கும் பருவமும் யாத்திரைப் பருவமும் நெருங்கி வருவதாலேயே கரடிகள் பாதையோரங்களிற் காணப்படுகின்றன என்பதைப் பழைய நடையாளிகள் அறிவர். அற்புதக் கட்டுரையாளர் அறியார். ஆறு வற்றினால் மணலில் எவ்விடத்தில் ஊற்றுத் தோண்டுவது, பவுசர் வண்டியில் தண்ணீர் வராத காலத்தில் என்ன செய்தார்கள், வயதானவரை எப்படித் தாங்கி நடத்தினார்கள் என்பவையெல்லாம் கூத்தனின் புல்முடிச்சுப் போன்ற அறிவு. சாமிமார் வாயிலிருந்து அவை ஏட்டுக்கு வரவில்லை.

மற்றொன்றும் ஏட்டுக்கு வரவில்லை: இப்பாதையின் பூட்டு. யால 1900இல் சரணாலயமாக்கப்பட்டபோதே அதன் அருகில் வெள்ளைத் துரைமாரின் வேட்டைக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. பொழுதுபோக்குக்குச் சுட்டவன் கனவான். உணவுக்குச் சுட்டவன் குற்றவாளி. 1938இல் யால தேசியப் பூங்காவாயிற்று, குமணை 1970இல். இப்பூங்காக்களிற் சாதாரண நாட்களில் வாகனத்தை விட்டிறங்கி நடக்க முடியாது. ஓட்டன் சமவெளி போன்ற சிலவற்றில் மட்டுமே நடைக்கு இடமுண்டு. உகந்தைப் பாதை விழாவையொட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்குத் திறக்கப்படுகிறது. எந்நாள் திறப்பது, எந்நாள் மூடுவது என்பதைக் கச்சேரிக் கூட்டங்கள் தீர்மானிக்கின்றன. காட்டைக் காப்பது அவசியம் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. கூட்டம் பெருகப் பெருகப் பொலித்தீனும் குப்பையும் வியாழை வரை கிடப்பதை நாமும் அறிவோம். ஆனால் பணங்கொடுத்து ஜீப்பில் வருபவனுக்கு ஆண்டின் பெரும்பகுதியும், காலால் வருபவனுக்குச் சில நாட்களும் என்ற இந்தப் பங்கீடு விவாதத்துக்குரியது. யாத்திரை நூலொன்றேனும் அதை விவாதித்திருக்கவேண்டும்.

வாவியின் மேற்கேயும் இதே கதைதான். குடும்பிமலை என்று ஊரார் சொல்லும் குன்று, பிரசுரங்களில் தொப்பிகல ஆகிவிட்டது. ஆங்கிலேயன் அதன் உருவத்தைத் தன் நாட்டுப் பிரபுவின் தொப்பிக்கு ஒப்பிட்டான். நமது கிழவிகள் அதில் முடிந்த குடுமியைக் கண்டார்கள். 2007இல் நடந்த போரின் பின் அது உல்லாசப் பயணிகள் ஏறும் மலையாயிற்று. அதனையடுத்த பரப்பில்தான் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரை கிடக்கிறது. அங்கு மாடு சாய்த்துச் செல்லும் பண்ணையாளர்கள் தம் தரையைக் காக்க 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிற் போராட்டம் தொடங்கினார்கள். மாதுறு ஓயாப் பூங்கா 1983இல் உருவானபோது தம்பானை வேடர் பலர் தம் காட்டைவிட்டுக் குடிபெயர்க்கப்பட்டதும் இத்தொடரிலேயே வைத்து எண்ணத்தக்கது. வாகரைக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடரும் வாழ்கிறார்கள். அவர்களது காட்டுவழிப் பெயர்கள் எத்தனை நமது அகராதிகளில் ஏறியிருக்கின்றன?

வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியபோது, ஏட்டறிஞர் புறக்கணித்த பாடல்களையும் சடங்குகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். பாதைகளுக்கு அப்படியொரு நூல் இன்னும் எழுதப்படவில்லை. மாணவர்கள் விடுமுறையில் ஒரு கொப்பியோடு புறப்படலாம். மாட்டுக்காரரிடம் பட்டிக்குப் போகும் தடங்களின் பெயரையும், தேனெடுப்போரிடம் மரங்களின் பெயரையும், முப்பது நாற்பது முறை கதிர்காமம் நடந்த ஆச்சிமாரிடம் நாவலடிக்கும் வியாழைக்குமிடையே தங்கிய மரத்தடிகளின் பெயரையும் கேட்டெழுதலாம். இன்னின்னார் இவ்வாண்டில் இவ்விடத்தில் இதனைச் சொன்னார் என்ற குறிப்போடு எழுதவேண்டும். ஆச்சிமாரிற் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.