சுமப்பவனின் மலை: ஒரு திரைப்படமும் உயிர்ப்பித்த நிலத்தின் உரிமையும்

சிதைந்த இயற்கையை மீட்டெடுத்தல் என்பது இக்காலக் கலையின் முக்கியப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1982ஆம் ஆண்டு காசல் நகரில் தொடங்கிய 'ஏழாயிரம் ஓக் மரங்கள்' இவ்வகையில் முன்னோடியான படைப்பாகும். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு கல் நாட்டப்பட்டது. 1986இல் கலைஞர் மறைந்தார். மறு ஆண்டில் பணி நிறைவுற்றது. காட்சிக்கூடத்துக்குள் அடங்கியிருந்த கலை, மண்ணில் வேரூன்றி நிழல் தந்தது. இது மறுக்கவியலாத சாதனை. எனினும், மண்ணுக்கு உயிரூட்டியவனுக்கு அம்மண்ணின் மீது என்ன உரிமை என்ற வினா அங்கு எழவில்லை. மரங்கள் நின்றவை நகரத் தெருக்கள்.

அவ்வினாவை எழுப்பிய படைப்பு நம் தேனி மாவட்டத்து மலைச்சரிவிலிருந்தே வந்தது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, இளையராஜா இசையமைத்து 2018 ஆகஸ்டில் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை'யே அது. ஏலக்காய் மூட்டைகளை மலையிலிருந்து சுமந்திறக்கும் ரெங்கசாமி, அடிவாரத்தில் துண்டு நிலம் வாங்க விரும்புகிறான். கதை இவ்வளவே. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை அழகுக் காட்சியாக விரிக்காமல், ஏறுபவனின் மூச்சையும் இறங்குபவனின் முழங்காலையும் கொண்டு அளக்கிறது. ரெங்கசாமியைப் பொறுத்தவரை மலை பார்க்கும் பொருளன்று, கடக்கும் வழி.

இவ்வேறுபாட்டின் கனத்தைப் போடிநாயக்கனூர்ப் பகுதி மக்கள் நன்கறிவர். படம் வெளியாவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2018 மார்ச் 11 அன்று, குரங்கணி மலைச்சரிவில் பற்றிய தீயில் சிக்கி, மலையேற்றத்துக்கு வந்திருந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்லில் நெருப்பு எவ்வளவு விரைவாக ஏறும் என்பது நகரத்து விருந்தினர் அறியக்கூடியதன்று. அந்த இளைஞர்களைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் மலையை வெறும் காட்சியாக விற்கும் பண்பாடு எத்தகைய அறியாமையை வளர்க்கிறது என்பதை எண்ணாமலிருக்கவும் இயலாது.

இனி நிலத்துக்கு வருவோம். ஃபிக்ஹு நூல்களில் 'இஹ்யாஉல் மவாத்' என்றொரு பாடம் உண்டு. 'மவாத்' என்பது எவருக்கும் உரிமையற்ற, பயன்படாத, உயிரற்ற நிலம். அதைப் பண்படுத்தி உயிர்ப்பிப்பவன் அதற்கு உரியவனாகிறான். ஆட்சியாளரின் அனுமதி இதற்குத் தேவை என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. இமாம் ஷாஃபிஈயும், அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது ஆகியோரும் அனுமதியை நிபந்தனையாக்கவில்லை. கல்லை நட்டு எல்லை வளைப்பதால் மட்டும் எவரும் உரிமையாளராகிவிட முடியாது என்பதே இங்குக் கவனத்துக்குரியது. இச்சட்டத்தில் மண்ணின் மீட்பும் மனிதனின் உரிமையும் ஒரே வினையின் இரு பக்கங்கள்.

ரெங்கசாமி விலை கொடுத்தே நிலம் வாங்குகிறான். எனவே சட்டப்படி இது 'மவாத்' ஆகாது. ஆயினும் அப்பாடத்தின் நீதி தலைகீழாவதைப் படம் காட்டுகிறது. உழைத்தவன் விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் நிலத்தை இழக்கிறான். காற்றாலை நிற்கும் அதே மண்ணுக்குக் காவலாளியாகிறான். காற்றாலை சூழலுக்கு உகந்ததென்று போற்றப்படுவது. அதுவே ஒருவனைத் தன் மண்ணுக்கு அந்நியனாக்கும் என்பதை வசனத்தின் துணையின்றி இறுதிக் காட்சி உணர்த்திவிடுகிறது.

குறையும் உண்டு. ஏலம் காட்டுமர நிழலில் வளரும் பயிர். நிழலைக் குறைத்து, உரமும் பூச்சிமருந்தும் பெருக்கி விளைச்சலை உயர்த்தும் போக்கு ஏலமலைகளில் வேரூன்றி நெடுங்காலமாகிறது. அடிவாரத்து உரக்கடையை நோக்கிக் கூர்மையாகக் கேள்வி கேட்கும் இயக்குநர், மேலேயுள்ள தோட்டத்து மண்ணிடம் அதே கேள்வியைக் கேட்கவில்லை. தொழிலாளியின் காயத்தைத் துல்லியமாகக் காட்டும் படத்தில், மலையின் காயம் பின்னணியிலேயே நின்றுவிடுகிறது.

ஆயினும் படத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. மரம் நடும் கலை, இனி என்ன செய்யலாம் எனக் காட்டுகிறது. நட்டவனுக்கு அந்நிழலில் இடம் உண்டா என்று இப்படம் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை காணாதவரை, முதலாவது முயற்சி தோட்ட அலங்காரமாகவே எஞ்சும்.