பதக்கத்துக்கு மில்லியன், பயிற்சிக்கு?

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து, மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பின்னுக்குத் தள்ளினார் ஜோசப் ஸ்கூலிங். சிங்கப்பூருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அப்போது அவர் அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர், கல்லூரி அணியின் நீச்சல்காரர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் அன்றைய சட்டம் கறாரானது. உபகாரச் சம்பளத்தைத் தாண்டி, விளையாட்டின் பேரில் மாணவர் எதையும் சம்பாதிக்கக்கூடாது. ஆனால் சிங்கப்பூர் தேசிய ஒலிம்பிக் மன்றத்தின் பரிசுத் திட்டப்படி அவருக்கு ஒரு மில்லியன் வெள்ளி கிடைத்தது. அதை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் கல்லூரிக்காக நீந்தினார்.

எப்படி? சொந்த நாட்டு ஒலிம்பிக் அமைப்பு தரும் பதக்கப் பரிசை வெளிநாட்டு மாணவர்களும் பெறலாம் என்று 2015 ஜனவரியில் என்சிஏஏ விதியைத் தளர்த்தியிருந்தது. விளம்பரக் கதவு மட்டும் மூடியே இருந்தது. மில்லியன் வெள்ளிக் காசோலை வாங்கலாம், குளிர்பானப் புட்டியைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க நின்றால் கல்லூரியில் நீந்தும் தகுதி போய்விடும். இந்த வேடிக்கையான சட்டத்துக்கு உள்ளே இருந்துகொண்டு 2018 வரை நீந்திவிட்டு, அதன் பிறகே அவர் தொழில்முறை வீரரானார்.

கல்லூரியில் படித்துக்கொண்டே விளையாடுபவருக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியை அமெரிக்கர்கள் பல்லாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பணம் கேட்பவர்களின் வாதம் எளிமையானது. கல்லூரிக் கால்பந்தும் கூடைப்பந்தும் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கில் விலைபோகின்றன, பயிற்றுநருக்கு மில்லியன் கணக்கில் ஊதியம், விளையாடுகிற பையனுக்கு மட்டும் படிப்பும் பாராட்டும்தானா? 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூலை முதல், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 20.5 மில்லியன் அமெரிக்க டாலர் வரை தன் விளையாட்டாளர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். வருமானம் ஈட்டுபவருக்கு அதில் பங்கு என்பது நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்தப் பங்கு யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும். நீச்சல், டென்னிஸ் போன்றவை அங்கே வருமானம் தரும் விளையாட்டுகள் அல்ல. கால்பந்து ஈட்டுவதில்தான் அவை பிழைக்கின்றன. கால்பந்துக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டால், மிச்சத்தில் வாழும் அணிகளின் பாடு திண்டாட்டம். சில கல்லூரிகள் அப்படிப்பட்ட அணிகளைக் கலைக்கத் தொடங்கிவிட்டன. வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா ஒரு தடை. மாணவர் விசாவில் இருப்பவர் விளம்பர வருமானத்தில் எளிதில் கைவைக்க முடியாது. ஸ்கூலிங் இன்று பதினெட்டு வயதில் டெக்சஸ் போனாலும், இந்தப் புதிய ஏற்பாட்டில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது.

அமெரிக்க வாதத்தை அப்படியே கப்பலேற்றிச் சிங்கப்பூரில் இறக்குபவர்கள் இதை யோசிப்பதில்லை. இங்கே பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மோதும் ஐவிபி திடல்தடப் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பார்வையாளர் வரிசையில் சக அணியினர், தண்ணீர்ப் புட்டிகள், குவித்துவைத்த பைகள், தள்ளி உட்கார்ந்து கைப்பேசியில் படமெடுக்கும் சில பெற்றோர். இங்கே பங்கு போட ஒரு வெள்ளிகூட வருமானம் இல்லை. ஆகவே ‘வருமானத்தில் பங்கு’ என்ற வாதம் இங்கே செல்லாது. அதனால் மாணவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று முடித்துக்கொள்பவர்கள்தான் அவசரப்படுகிறார்கள். அவரிடமிருந்து நாடு வாங்குவது டிக்கெட் வசூலை அன்று, அவருடைய நேரத்தை.

சிங்கப்பூர் தரும் விலைப்பட்டியலைப் பாருங்கள். தனிநபர் ஒலிம்பிக் தங்கத்துக்கு ஒரு மில்லியன் வெள்ளி, வெள்ளிக்கு ஐந்து இலட்சம், வெண்கலத்துக்கு இரண்டரை இலட்சம். ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கு இரண்டு இலட்சம். தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கத்துக்குப் பத்தாயிரம். இந்தத் திட்டத்தில் மெச்சத்தக்கவை உண்டு. தொகை முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். யாரையும் கெஞ்ச வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். பெறுபவர் மாணவரா, முழுநேர வீரரா, வயது என்ன என்று அது கேட்பதில்லை. 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, தேசிய தினத்தன்றே, பாரிஸ் ஒலிம்பிக்கில் காற்றாடிப் பலகைப் போட்டியில் வெண்கலம் வென்ற மேக்சிமிலியன் மேடருக்கு வயது 17தான். பரிசில் ஐந்தில் ஒரு பங்கு அந்தந்த விளையாட்டின் தேசியச் சங்கத்துக்குப் போக வேண்டும் என்ற விதியும் நல்ல விதி. ஒருவர் வென்றதில் அடுத்து வருபவருக்கும் ஒரு கை கிடைக்கிறது.

குறைகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. உடற்குறையுள்ளோருக்கு வேறு கணக்கு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ வென்ற ஒவ்வொரு தங்கத்துக்கும் இரண்டு இலட்சம் வெள்ளிதான். பலர் பேசிய பிறகு அது உயர்ந்தது. இதைவிட ஆழமான குறை, பணம் வரும் நேரம். மேடை ஏறிய பிறகுதான் காசோலை. ஏறுவதற்கு முந்தைய ஆண்டுகளை யார் சுமப்பது? ஸ்கூலிங்கின் பெற்றோர் மகனை 2009இல் பதின்ம வயதிலேயே ஃபுளோரிடாவுக்கு அனுப்பி, ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் செலவழித்ததாக அப்போதே செய்தி வந்தது. அப்படிப் பார்த்தால் ஒலிம்பிக் மன்றம் தந்தது குடும்பம் போட்ட முதலைத் திருப்பித் தந்ததுபோலத்தான். முதல் போட முடியாத வீட்டுப் பிள்ளை அந்தக் காசோலை வரைக்கும் போவதே இல்லை.

சாந்தி பெரேராவின் கதை இதற்கு இன்னும் நல்ல சான்று. 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்று கொண்டாடப்பட்டவர். பிறகு காயம், மந்தமான நேரங்கள். ஸ்போர்ட் சிங்கப்பூர் தரும் ஸ்பெக்ஸ் உபகாரச் சம்பளமும் இடையில் அவர் கையை விட்டுப் போனது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டேதான் மீண்டு வந்தார். படிப்பை முடித்து முழுநேர ஓட்டக்காரரான அதே 2023இல், நோம் பென் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம், பேங்காக் ஆசியத் திடல்தடப் போட்டியில் மறுபடியும் இரட்டைத் தங்கம், ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 23.03 விநாடியில் 200 மீட்டர் தங்கம். சிங்கப்பூர்த் திடல்தடம் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் பார்த்து அப்போது 49 ஆண்டுகள். அதற்கு முன் 1974இல் சீ சுவீ லீ.

திறமை 2023இல் வானிலிருந்து விழவில்லை, அது முன்பே இருந்தது. கூடுதலாகக் கிடைத்தவற்றில் முக்கியமானது நேரம். பயிற்சி முடிந்து தூங்க நேரம், உடலைத் தேற்ற நேரம், தேர்வைப் பற்றிக் கவலைப்படாமல் போட்டிக்குப் பறக்க நேரம். ஸ்பெக்ஸ் திட்டம் 2013இல் தொடங்கியபோது அதன் நோக்கம் சரியாகவே இருந்தது. மாதந்தோறும் ஒரு தொகை, விளையாட்டு அறிவியல் ஆதரவு, பயிற்சிச் செலவு. கோளாறு அதன் அச்சாணியில் இருக்கிறது. நன்றாக ஓடும்போது தருகிறார்கள், ஓட்டம் தளரும்போது நிறுத்துகிறார்கள். பணம் மிகவும் தேவைப்படுவது தளர்ந்த நேரத்தில்தானே?

மாணவ வீரரின் ஒரு நாளைக் கணக்குப் பார்த்தால் இது புரியும். விடியுமுன் குளத்திலோ தடத்திலோ இரண்டு மணி நேரம். ஒன்பதுக்கு விரிவுரை. மாலையில் மறுபடி பயிற்சி, எடை தூக்கல். இரவு எட்டுக்குமேல், வீட்டில் கேட்கச் சங்கடப்படும் பிள்ளை, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் தொடக்கப்பள்ளிச் சிறுவனுக்குக் கணக்கு டியூஷன். அந்த டியூஷன் மணி நேரங்கள் அவர் தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்தவை. அவர் முழங்காலுக்கு யாரும் அதை ஈடுகட்டுவதில்லை.

“அந்தக் காலத்தில் குணாளன் காசு வாங்கியா ஓடினார்?” என்று கேட்கும் பெரியவர்கள் தேக்கா காப்பிக்கடைகளில் இன்றும் உண்டு. கேள்வி நியாயமானது. 1966 டிசம்பரில் பேங்காக் ஆசிய விளையாட்டு 100 மீட்டர் இறுதியில் முதல் இரண்டு பேரும் தமிழர்கள். மலேசியாவுக்கு ஓடிய மணி ஜெகதீசன் தங்கம், சிங்கப்பூரின் சி. குணாளன் வெள்ளி, இருவருக்கும் பதிவான நேரம் ஒன்றே, 10.5 விநாடி. ஜெகதீசன் அப்போது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். குணாளன் ஆசிரியர். இருவரும் மெடலுக்காகக் காசு வாங்கவில்லை. ஆனால் ஒருவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, மற்றவருக்கு டாக்டர் பட்டம் காத்திருந்தது. அவர்களோடு ஓடியவர்களில் பெரும்பாலோரும் பகுதிநேர ஓட்டக்காரர்கள். 1968இல் மெக்சிகோவில் குணாளன் ஓடிய 10.38ஐ உடைக்க 2001 வரை, யு.கே. ஷியாம் 10.37 ஓடும் வரை, சிங்கப்பூர் காத்திருந்தது. உலகம் முழுநேரமாக மாறிக்கொண்டிருந்த 33 ஆண்டுகளில் நாம் பகுதிநேரமாகவே இருந்தோம் என்பதற்கும் அது சாட்சி. இலவசமாக ஓடியவர்களின் பெருமையை மதிக்கிறேன், அதைக் கொள்கையாக்க ஒப்பமாட்டேன்.

பணத்துக்குப் பதிலாக வேறு நாணயங்களும் இங்கே புழங்குகின்றன. 2004இல் தொடங்கிய நேரடிப் பள்ளிச் சேர்க்கை விளையாட்டுத் திறமைக்கு நல்ல பள்ளியில் இடம் தருகிறது. வாங்கிய இடத்துக்கு அந்த இணைப்பாட நடவடிக்கையில் பிள்ளை பாடுபட வேண்டும். அடி பட்டுவிட்டால் இடம் இருக்கும், நிம்மதி இருக்காது. ஆண்களுக்கு இன்னொரு நாணயம், தேசிய சேவையைத் தள்ளிவைப்பது. அதன் மதிப்பு பதக்கப் பணத்தைவிடப் பெரியது, கிடைப்பதும் அதைவிட அரிது. 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் காற்பந்துக் குழுவோடு ஒப்பந்தம் போட்ட பெஞ்சமின் டேவிஸுக்குத் தற்காப்பு அமைச்சு அதை மறுத்தபோது, அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் விளையாட்டுக்காக மூவருக்கு மட்டுமே தந்திருப்பதாகச் சொன்னது. ஸ்கூலிங் அவர்களில் ஒருவர். எல்லாருக்கும் சம சுமை என்ற கொள்கைக்காக அமைச்சு கண்டிப்பாக இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இப்படிச் சிலருக்கே கிட்டும் ஒன்றை மாணவ வீரர்களுக்கான ஆதரவு என்று சொல்ல முடியாது.

ஊதியம் வேண்டாம் என்பவர்களின் வலுவான வாதம் வேறு. பணம் வந்தால் பயிற்றுநர் முதலாளியாவார், பல்கலைக்கழகங்கள் ஏலம் விடும், வெளிநாட்டிலிருந்து ஆள் பிடிப்பார்கள், மூன்றாம் நிலை வீரர் அணியில் இடமே இல்லாமல் போவார். அமெரிக்காவில் இவை நடக்கின்றன. ஆட்டத்துக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு என்று கல்லூரியே கூலி பேசுவதை நான் ஆதரிக்காததற்குக் காரணமும் அதுதான். ஐவிபி போட்டியில் மூன்றாவது வந்ததற்கு மாணவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அது அவர் விரும்பி ஆடும் ஆட்டம். தேசிய அணிக்காக வாரத்துக்கு இருபது மணி நேரம் கொடுப்பது அப்படிப்பட்டது அன்று. அது நாட்டுக்குச் செய்யும் வேலை, வேலைக்குக் கூலி உண்டு.

விளையாட்டுக்கு இருந்த இடமும் இங்கே சுருங்குகிறது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குதிரை இப்போது பெயரில் மட்டும்தான் மிச்சம். ஃபேரர் பார்க் திடலும் குடியிருப்பாக மாறிவருகிறது, குத்துச்சண்டைக் கூடத்தின் கட்டடத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். நிலம் குறைந்த நகரத்தில் இதைத் தவிர்க்க முடியாதுதான். இடத்தைக் குறைத்த ஊர் நேரத்தையாவது வாங்கித் தரலாம். என் தீர்ப்பு இது. தேசிய அணியில் இருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், பகுதிநேர வேலையில் அவர் ஈட்டக்கூடிய அளவுக்காவது மாதாந்தரத் தொகை வேண்டும். படிப்பு முடியும் வரை, காயம் பட்டாலும், ஒரு பருவம் சொதப்பினாலும் அதை நிறுத்தக்கூடாது. பல்கலைக்கழகம் பாடங்களைத் தள்ளிப்போடவும் ஓராண்டு கூடுதலாகப் படிக்கவும் கேள்வி கேட்காமல் அனுமதிக்க வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், ஒலிம்பிக் தங்கத்தின் மில்லியனைப் பாதியாக்கி, மீதியை அடியில் உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒலிம்பிக் தங்கம் சிங்கப்பூருக்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. தேசியச் சீருடையோடு விரிவுரைக்கு ஓடும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.