தொட்டால் சுடும் துப்பாக்கி

குறி தவறினால் கண்ணைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் பல வேளைகளில் குற்றவாளி விரலே. வேட்டைத் துப்பாக்கியின் விசையை இழுக்கப் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுப்பு தேவைப்படும். துப்பாக்கியின் மொத்த எடையோ 3 அல்லது 4 கிலோகிராம்தான். அதில் பாதியளவு இழுப்பை ஒரு விரல் செலுத்தும்போது குழல் அசையாதிருக்குமா? 60 செ.மீ. நீளமுள்ள குழலின் வாய் 1 மி.மீ. விலகினாலே போதும், 100 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 17 செ.மீ. தள்ளிப் படும்.

இக்குறைக்குக் கண்ட மருந்துதான் ‘செட் டிரிக்கர்’ எனப்படும் தயார்நிலை விசை. ஜெர்மானிய நாடுகளின் பழைய சக்கரப்பூட்டுத் துப்பாக்கிகளிலேயே இது உண்டு. அங்கிருந்து குடியேறியவர்களுடன் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கும் சென்றது.

இது செயற்படும் விதத்தை அறிய எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியின் ஸ்பிரிங்கை விறைப்பாக்குபவர் நாம். எலி செய்வது இலேசான தீண்டல் மட்டுமே. இரட்டை விசைத் துப்பாக்கியில் பின்விசையை இழுத்தால் ‘க்ளிக்’ என்ற ஓசையுடன் உள்ளேயுள்ள ஒரு சிறு சுத்தியல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் நிற்கும். துப்பாக்கி வெடிக்காது. பிறகு முன்விசையை மெல்லத் தொட்டால், அச்சுத்தியல் விடுபட்டுத் துப்பாக்கியின் கொக்கியைத் தட்டிவிடும்; குண்டு பாயும். கொக்கியை விடுவிக்கும் வேலையை விரலுக்குப் பதிலாக ஸ்பிரிங் செய்கிறது. சிலவற்றில் ஒரே விசை உண்டு; செக் நாட்டு சி.இசட். 550 துப்பாக்கியில் அதை முன்னே தள்ளித் தயார் செய்வர்.

நன்மை வெளிப்படை. விரலால் குழல் அசைவது வெகுவாகக் குறைகிறது. அவசர வேளையில் தயார் செய்யாமலே, முன்விசையைச் சாதாரண விசையாக இழுத்துச் சுடவும் பெரும்பாலான வகைகளில் இயலும்.

ஆனால், ‘இதைப் பொருத்தினால் துப்பாக்கியின் துல்லியம் கூடும்’ என்ற எண்ணம் சரியன்று. குழலும் குண்டும் பழையனவே. சுடுபவரின் ஒரு பிழையை மட்டுமே இது குறைக்கிறது. மேலும், இடையில் ஒரு சுத்தியல் நகர வேண்டியிருப்பதால், விரல் தொடுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே சிறிது காலம் கூடுகிறது.

பெரிய குறை வேறு. தயார் செய்தபின் விலங்கு ஓடிவிட்டால்? வேடன் கையில் இருப்பது சிறு அதிர்ச்சியிலும், குளிரில் மரத்த விரல் பட்டாலும் வெடிக்கக்கூடிய கருவி. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, தோட்டாவை அகற்றி, தயார்நிலையை நீக்க வேண்டும். பரபரப்பில் ஒருவர் இதை மறந்தால் உடன் வருபவரின் உயிருக்கே ஆபத்து. இக்கருவி விரலின் சுமையைக் குறைத்து நினைவின் சுமையைக் கூட்டுகிறது.

விளையாட்டு விதிகளும் இதற்குச் சான்று தருகின்றன. 2016 வரை ஒலிம்பிக்கில் இருந்த 50 மீட்டர் பிஸ்டல் போட்டியில் விசையின் எடைக்குக் கீழ்வரம்பே கிடையாது. அங்கு வீரர் ஓரிடத்தில் நின்று அமைதியாகச் சுடுகிறார். பனியில் சறுக்கி வந்து மூச்சிரைக்கச் சுடும் பயாத்லானிலோ, குறைந்தது 500 கிராம் இழுப்பு கட்டாயம். காட்டில் நடக்கும் வேடனின் நிலை இவ்விரண்டில் எதை ஒத்தது என்று சொல்லத் தேவையில்லை.

கடினமான பூட்டுகள் இருந்த காலத்தில் தயார்நிலை விசை சிறந்த விடை. இன்று இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல விசைகள் உள்ளன. 2000களின் தொடக்கத்தில் வந்த சாவேஜ் நிறுவனத்தின் ‘அக்யூடிரிக்கர்’ விசையில், விரல் ஒரு சிறு தகட்டை அழுத்தினாலன்றிக் கொக்கி விடுபடாது. எனவே குறிப்பயிற்சித் திடலில் தயார்நிலை விசைக்கு இன்றும் இடமுண்டு. காட்டுக்கு அது ஏற்றதன்று. மனிதனின் மறதிக்கும் இடங்கொடுத்து அமைவதே நல்ல கருவி.