கறை படிந்த கப்பலும் காலி இருக்கையும்

2015ஆம் ஆண்டு ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஒரு பொம்மை விண்கப்பலைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் அது. பெட்டிக்குள் கப்பலோடு மூன்று உருவங்கள் இருந்தன: ஃபின் என்ற இளைஞன், செவ்பாக்கா என்ற உரோமம் அடர்ந்த நெட்டை உயிரி, பிபி-8 என்ற உருண்டை எந்திரன். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில், கித்தான் மூடிக் கிடந்த இந்தக் கப்பலைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போகிறவள் ரே என்ற பெண். அவள் பெட்டியில் இல்லை. வேறொரு பெட்டியில், அவளுடைய சிறிய வேகவண்டியோடு தனியாகக் கிடைத்தாள். சின்ன வண்டி அவளுக்கு, பெரிய கப்பல் மற்றவர்களுக்கு.

ஃபால்கன் பொம்மைகளை வாங்கி, ஆலைப் பூச்சின் மேல் மறுபடியும் வண்ணம் தீட்டுகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள். சிறுவயதில் இதே கப்பலை வைத்து விளையாடி இப்போது நடுவயதைத் தாண்டியவர்கள் பலர். படத்தின் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தத் தகட்டில் எவ்வளவு புகைக்கரி, எந்த மூலையில் எந்தச் சிவப்பு என்று குறித்துக்கொண்டு பொம்மையைத் திருத்துகிறார்கள். சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் தேடும் பதிப்பாசிரியர்களின் வேலை எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆலை பிரதி எடுத்தபோது விட்டுப்போனதை இவர்கள் கையால் மீட்கிறார்கள். பதிப்பாசிரியரிடம் நாம் கேட்கும் கேள்வியை இவர்களிடமும் கேட்கலாம். எது விட்டுப்போனதாக உங்கள் கண்ணுக்குப் படுகிறது? எது படவில்லை?

கேட்பதற்கு முன்னால் அந்த வேலை என்னவென்று தெரிய வேண்டும். அண்ணன் மகன் விளையாடி முடித்துக் கைவிட்ட ஒரு ஃபால்கன் என்னிடம் வந்தது. பெயிண்ட் படாத கையோடு இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எனவே அவர்கள் செய்வதையெல்லாம் நானும் செய்தேன்.

முதலில் ஸ்டிக்கர்களை எடுக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் டிரையரின் சூட்டைக் காட்டினால் பசை இளகும், முனையைப் பிடித்து மெல்ல உரிக்கலாம். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீரில் முழுவதையும் கழுவ வேண்டும். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்றுவரப் பூசப்படும் எண்ணெயின் மிச்சம் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. நெர்ஃப் பஞ்சு அம்பு எய்யும் விசையைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையையும் திருகு ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சாம்பல்நிற பிரைமர், மெல்லிய பூச்சாக இரண்டு முறை. அதன்மேல் மங்கிய வெள்ளை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில தகடுகளுக்குத் துருச்சிவப்பு. பெயிண்ட் உரிந்ததுபோல் தெரிய வேண்டிய இடத்துக்கு ஒரு சமையலறை உத்தி இருக்கிறது: அடிப்பூச்சின் மேல் தண்ணீர் தொட்டுக் கல்லுப்பைத் தூவி, காய்ந்ததும் மேல்பூச்சு அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும். உப்பு இருந்த இடமெல்லாம் சொரசொரவென்று அடிநிறம் எட்டிப்பார்க்கும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கறுப்பும் பழுப்பும் கலந்த பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்துக் கப்பல் முழுக்க ஓட விடுகிறோம். இடுக்குகளிலும் தகட்டுக் கோடுகளிலும் அது போய்த் தங்குகிறது. மேட்டில் நிற்பதை ஈரத்துணியால் துடைக்கிறோம். வீட்டில் மேசை துடைக்கும் அதே கை, அதே துணி. ஆனால் இங்கே துடைப்பு என்பது அழுக்கு எங்கே தங்கவேண்டும் என்று தீர்மானிப்பது. கடைசியாகக் கறுப்புச் சாக்பொடியைத் தூரிகையில் தொட்டு, குண்டு பட்ட இடங்களில் புகையை இழுத்துவிட்டு, பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து மூடினால் முடிந்தது. முழங்கை நீளத்துக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் சாமான், தள்ளிநின்று பார்த்தால் வீடளவு பெரிதாகத் தெரிகிறது. மெல்லிய அழுக்கு கண்ணுக்கு அளவைச் சொல்லித்தருகிறது. நல்ல கையில் இது கலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதல் படத்துக்காக, 1977க்கு முன்னால், கலிஃபோர்னியாவில் ஃபால்கனின் மாதிரியைச் செய்தவர்கள் கடையில் விற்ற பீரங்கி, விமானம், கார் மாதிரிப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து அந்தத் துண்டுகளைக் கப்பலின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். ஐந்தடி நீளம் அது. பழசாய், அடிபட்டு, பல முறை பழுதுபார்க்கப்பட்டதாய்த் தெரியும்படி கறையேற்றினார்கள். ஆக, மூலமே தொகுதித் தயாரிப்புப் பொம்மைகளை உடைத்துச் செய்த ஒட்டுவேலை. 1979இல் சின்சினாட்டியின் கென்னர் நிறுவனம் அதைப் பொம்மையாக்கியபோது இந்த நுணுக்கமெல்லாம் வழித்தெடுக்கப்பட்டு, வெளிர்நிற பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொள்ள ஒரு தாள் ஸ்டிக்கரும் ஆயிற்று. மறுவண்ணம் தீட்டுகிறவர் கப்பலுக்கு அதன் கடந்தகாலத்தைத் திருப்பித் தருகிறார்.

கடந்தகாலம் என்று அழுக்கைச் சொல்கிறோம். ஆண் ஓட்டும் வண்டியின் கீறலுக்கு அனுபவம் என்று பெயர். அதே கறை பெண்மேல் பட்டால் வேறு பெயர். 1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் இளவரசி லேயா இதே ஃபால்கனுக்குள் நின்று பழுதுபார்க்கிறாள். இறுகிக்கொண்ட ஒரு நெம்புகோலோடு மல்லுக்கட்டிக் கையைக் காயப்படுத்திக்கொள்கிறாள். ஹான் சோலோ பின்னால் வந்து அந்தக் கையைப் பிடிக்கிறான். தன் கைகள் அழுக்காக இருக்கின்றன என்கிறாள் அவள், தன்னுடையவையும்தான் என்கிறான் அவன். அத்தோடு பழுதுபார்க்கும் காட்சி முத்தக் காட்சியாகிவிடுகிறது. நெம்புகோல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அவள் கையில் இருந்தது கப்பலின் அழுக்கு. கப்பலில் இருந்தால் வரலாறு, அவள் கையில் இருந்தால் கூச்சம். கென்னர் விற்ற முதல் பன்னிரண்டு உருவங்களில் ஒரே பெண் லேயாதான். வெள்ளை உடை, ஒரு புள்ளி அழுக்கில்லை.

2015 படத்தில் ரே இன்னும் அடியிலிருந்து வருகிறாள். பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் போர்க்கப்பல்களுக்குள் கயிற்றில் இறங்கி உதிரிப்பாகங்களைக் கழற்றி, சந்தைக்கு எடுத்துவந்து தேய்த்துச் சுத்தம்செய்து, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்கிறாள். அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே ஒரு கிழவி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். சில நொடிகள்தான், வசனம் இல்லை. அந்தப் படத்தில் என்னை உலுக்கிய காட்சி அதுதான். கப்பல்களின் கறையைப் படத்தில் யாராவது தேய்த்து எடுக்கிறார்கள் என்றால் அது இந்த இரண்டு பெண்கள். பிறகு ரே ஃபால்கனை ஓட்டுகிறாள், அதன் எந்திரத்தில் கைவைத்துச் சரிசெய்கிறாள். கப்பலின் ஒவ்வொரு துருவையும் அறிந்த கை அவளுடையது. அந்தக் கப்பலைத்தான் அவளில்லாமல் விற்றார்கள்.

2016 ஜனவரியில் எட்டு வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தி, ஸ்டார் வார்ஸ் மோனோபொலி ஆட்டத்தில் ரே ஏன் இல்லை என்று ஹாஸ்ப்ரோவுக்குக் கடிதம் எழுதினாள். ஆட்டம் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, கதை முன்கூட்டியே வெளியே தெரியக்கூடாது என்பதால் விட்டோம், இனிச் சேர்ப்போம் என்று பதில் வந்தது. பட வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில் வந்த சுவரொட்டியின் நடுவில் ரே தன் கோலோடு நிற்கிறாள். சுவரொட்டியில் ஒட்டலாம், பெட்டியில் வைத்தால் ரகசியம் போய்விடும்! கப்பலின் பீரங்கி இருக்கையில் ஃபின் அமர்கிறான் என்பது உண்மைதான். அவன் பெட்டியில் இருப்பது தவறில்லை. ஓட்டுநரை விட்டுவிட்டதற்கு அது பதிலாகாது.

தமிழ் படித்தவளுக்கு இது அவ்வளவு புதிதில்லை. பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில் பிரிகிறார்கள். ஆண்குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும், சில நூல்களில் நீராடல் என்றும் வரும். தேர் அவனுக்கு. அவளுக்கு ஊசல், அதுவும் நகரும், ஆனால் எங்கும் போகாது. சிற்றில் பருவத்தில் சிறுமிகள் கட்டிய மணல்வீட்டை அவன் காலால் அழிக்க வருவான், வேண்டாமென்று அவர்கள் கெஞ்சுவார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். எனக்கும் அந்தப் பாடல்களின் ஓசை பிடிக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பொம்மை வண்டியில் யார் உட்காரலாம் என்று தீர்மானிக்கப் பெரிய நிறுவனம் எதுவும் தேவைப்பட்டதில்லை.

பெண்குழந்தைகளின் பொம்மைகளுக்கு மறுவண்ணம் தீட்டுகிறவர்களும் உண்டு. டாஸ்மேனியாவைச் சேர்ந்த சோனியா சிங் பழைய பிராட்ஸ் பொம்மைகளை வாங்கி, நகப்பூச்சு நீக்கியால் முகத்தின் ஒப்பனை முழுவதையும் துடைத்தெடுத்து, சாதாரணச் சிறுமியின் கண்ணையும் வாயையும் வரைந்தார். குதிகால் செருப்பைக் கழற்றி நடக்கக்கூடிய காலணி செய்து மாட்டினார். அவருடைய அம்மா உடை பின்னிக்கொடுத்தார். 2015 தொடக்கத்தில் இவை உலகெங்கும் பேசப்பட்டன. கப்பலையும் இந்தப் பொம்மையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையின் திசை நேர் எதிராக இருக்கிறது. கப்பலுக்கு வயதை ஏற்ற வேண்டியிருக்கிறது. சிறுமி உருவத்துக்கோ, ஆலை ஏற்றிவிட்ட வயதை இறக்க வேண்டியிருக்கிறது. உதட்டுச்சாயமும் இமைமையும் ஆலையே பூசி அனுப்பிய அனுபவம். அந்தப் பொம்மை எதையும் அனுபவிப்பதற்கு முன்பே அவள்மேல் அது அப்பப்பட்டிருக்கிறது. சோனியா சிங்கின் பொம்மைகளைப் பாராட்டியவர்கள் தூய்மை, கள்ளமின்மை என்றெல்லாம் பேசியது எனக்கு உடன்பாடில்லை. துடைத்த முகம் நல்லது என்றால் பூசிய முகம் கெட்டதாகிவிடும், அந்த வழக்கு நமக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அந்தக் காலணி. அதைப் போட்டுக்கொண்டு அவள் சேற்றில் நடக்கலாம்.

ஆலைப் பூச்சு என்று இதுவரை நானும் எழுதிவந்தேன், கையே படாததுபோல. பொம்மைகளின் வண்ணம் தானாக வருவதில்லை. உருவத்தின்மேல் உலோக மறைப்பச்சை வைத்துத் தெளிப்பானால் அடிக்கிறார்கள். கண், புருவம் போன்ற நுட்பமானவற்றை மெத்தென்ற சிலிக்கோன் திண்டால் ஒற்றி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் பிடித்து, திருப்பி, வைக்க வேண்டும். ஹாஸ்ப்ரோவின் பொம்மைகளில் பெரும்பகுதி 2015இல் சீனாவில்தான் தயாரானது. தென்சீனத்தின் பொம்மை ஆலைகளில் நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 1993 மே 10 அன்று பாங்காக்குக்கு அருகே கேடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தபோது 188 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஷென்ஜெனில் ஜீலி பொம்மைத் தொழிற்சாலைத் தீயில் 87 பேர். இரண்டிலும் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

உப்புத்தாளை எடுத்து நான் தேய்த்தது அப்படிப்பட்ட ஒருத்தியின் பூச்சாக இருக்கலாம். மறுவண்ணக்காரர்களின் பேச்சில் அதற்கு இடமே இல்லை. ஆலைப் பூச்சு மட்டமானது, அவசரமானது, கோடு தாண்டியது என்பார்கள். அவசரம் உண்மைதான். அது யாருடைய அவசரம் என்பதுதான் கேள்வி. பிரைமர் அடித்தபின் தன் பூச்சை முதல் பூச்சு என்று எண்ணிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

இவர்களின் உச்சப் பாராட்டு, திரையில் உள்ளபடியே இருக்கிறது என்பது. நூற்றுக்கணக்கான தகடுகளில் ஒன்றின் நிறம் மாறினாலும் சுட்டிக்காட்டுவார்கள். நான் பார்த்த நல்ல வேலைகளில் சில, உள்ளே விளக்கெரிய, விசைப்பலகையின் பொத்தான்கள் மின்ன, ஓட்டுநர் இருக்கை காலியாகவே இருந்தன. கப்பல்தான் எங்கள் அக்கறை, உருவங்கள் அல்ல என்று சொல்லலாம். அது நியாயமான எல்லைதான். ஆனால் புகைக்கறை வரைக்கும் பார்த்த கண் இருக்கையில் நிற்காமல் நகர்ந்துபோகிறது. ஹான் சோலோவை உட்காரவைத்த கப்பல்களும் உண்டு. ரேயைத் தேடி வாங்கி உட்காரவைத்தவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சுத்தமான அந்தப் பெண்ணை அப்படியே தூக்கி அவ்வளவு கறைக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள், விருந்தாளிபோல.

என் கப்பலுக்கு ரேயைத் தனியாக வாங்கினேன். அந்த ஆண்டு வந்த எளிய உருவங்களுக்கு முழங்கால் மடங்காது. இடுப்பில் மடக்கி உட்காரவைத்தால் இரண்டு காலும் நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன, திண்ணையில் உட்கார்ந்த குழந்தை மாதிரி. மடங்கும்படி அறுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யவில்லை. கப்பலுக்குக் கரைத்த கறுப்புப்பழுப்பில் கொஞ்சம் கிண்ணத்தில் மிச்சமிருந்தது. மெல்லிய தூரிகையால் அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் விரல்களின் இடுக்கிலும் அதை ஓடவிட்டேன். துடைக்கவில்லை.