சங்கிலியின் மறுமுனை

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரே கடற்கரையில் இருக்கும் மீனவ ஊர்கள் அடிமலத்துறையும் புல்லுவிளையும். புல்லுவிளையில் 2016 ஆகஸ்டில் 65 வயது மூதாட்டி ஒருவரைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. அடிமலத்துறையில் 2021 ஜூனில் புரூனோ என்ற லாப்ரடார் நாயைச் சிலர் தூண்டில் கொக்கியில் தொங்கவிட்டு அடித்துக் கொன்றார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நாய் பற்றிய சட்டப் பேச்சு இந்த இரண்டு சாவுகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது.

கேரளத்தில் நாய்க்கடிபட்டவர்களின் இழப்பீட்டைப் பரிசீலிக்க ஓய்வுபெற்ற நீதிபதி சிரி ஜகன் தலைமையில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்ததும் 2016இல்தான். பணம் கொடுக்க வேண்டியது உள்ளாட்சி. புரூனோவின் சாவையோ கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, அதற்கு நாயின் பெயரையே வைத்தது. வளர்ப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் உள்ளாட்சியில் உரிமம் பெற வேண்டுமென அறிவிக்கச் சொன்னது. இதில் புதிதாக ஒன்றுமில்லை. நாய்க்கும் பன்றிக்கும் உரிமம் வேண்டும் என்று ஊராட்சி விதிகள் 1998லேயே சொல்லிவிட்டன. அதை எடுத்து வாசிக்க ஒரு நாய் சாக வேண்டியிருந்தது.

இலங்கையில் இதே கதைக்கு வயது அதிகம். விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டினது. நாய்ப் பதிவுச் சட்டம் 1901. கட்டாக்காலி நாய்களைக் கொல்ல முதற்சட்டம் இடம் தந்தது. 2006இல் அரசு கொல்லாமைக் கொள்கைக்கு வந்தது. இந்தியா 2001 விதிகளிலேயே அந்த இடத்துக்கு வந்திருந்தது: பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு.

வேறுபாடு, நாய் யாருடைய பொறுப்பு என்பதில் இருக்கிறது. இலங்கையில் அது முதலில் சுகாதாரத் துறையின் வேலை. 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்த நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை ஐம்பதுக்குக் கீழே. நாய்களுக்கு இலவசமாகப் போட்ட ஊசிக்கும், கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்த ஊசிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. கேரளத்தில் நாய் உள்ளாட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே அலைகிறது. கருத்தடைப் பணியில் இறங்கிய, குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுக்களின் பெண்களை, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லையென்று 2021இல் நிறுத்தினார்கள். விதிப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அவர்கள் விட்ட வேலையைப் பல ஊர்களில் உடனே எடுத்துச் செய்ய ஆளில்லை. என் கண்ணுக்கு இலங்கையின் வழிதான் விவேகமானது: நோயை முதலில் பிடி, நாயைப் பிறகு பிடிக்கலாம்.

ஆனால் உடையவரைக் கேள்வி கேட்பதில் இரண்டு நாடும் ஒரே மாதிரிக் கூச்சப்படுகின்றன. மிகக் குட்டையான, மிகப் பாரமான சங்கிலியில் நாயைக் கட்டிவைப்பது இந்தியாவில் 1960 சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாததும் குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். இலங்கையின் 1907 சட்டம் மிருகவதைக்கு வைத்தது 100 ரூபாய். ஏறக்குறைய ஒரு தேநீரும் வடையும் வாங்கும் காசு.

அதனால் வழக்கம் சட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை. யாழ்ப்பாணத்து வளவில் நாய் பகலில் வாசலில் படுத்திருக்கும், இரவில் வேலிப் பொட்டுக்குள்ளால் ஊர் சுற்றும். திருவனந்தபுரத்துப் புறநகரில் பகல் முழுக்கக் கூண்டில் கிடப்பதை இரவில் அவிழ்த்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் சோறு போட ஒரு வீடு உண்டு. குட்டி போட்டதும், பெண் குட்டிகள் சாக்கில் ஏறி, இலங்கையில் சந்தைக்கும் விகாரைக்கும், கேரளத்தில் மீன் கழிவு கொட்டும் சாலையோரத்துக்கும் போகின்றன. நாளைய தெருநாய் அங்கிருந்துதான் வருகிறது. பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி 2025 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை அந்தச் சாக்கைத் தொடவில்லை.

சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பையும், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதத்தையும் கொண்டுவந்தது. திருவனந்தபுரமும் யாழ்ப்பாணமும் இதைக் கண்டிப்பாகச் செய்தால், சாலையில் விடப்பட்ட நாயின் தோலுக்கடியில் ஓர் எண்ணாவது இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவதென்று தெரியும்.