கம்பளத்தாரின் கால்வரிசை

சேர்வராயன் மலையடிவாரத்தில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஊர்விட்டு ஊர் வந்த கதைகள் இரண்டு கிடைக்கும். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்ததைச் சொல்வார்கள். கீழே சேலம், நாமக்கல் சமவெளியில், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தார் ஆறு தாண்டிய கதையைச் சொல்வார்கள். வடக்கே ஒரு படை துரத்த, வெள்ளம் புரண்ட ஆற்றங்கரையில் குடிகள் திகைத்து நிற்க, இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாயினவாம். புங்கன் இன்றும் அவர்களுக்குச் சாமி மரம். துணை வந்த தெய்வம் ஜக்கம்மா.

மரம் வளைந்ததோ இல்லையோ, மக்கள் வந்தது மெய். 14ஆம் நூற்றாண்டில் குமார கம்பணனின் மதுரைப் படையெடுப்பு. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் ஆட்சி. அரியநாத முதலியார் வகுத்த 72 பாளையங்கள். இந்த இடைவெளியில் கூட்டம் கூட்டமாக, மந்தையை ஓட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றே எனக்குப் படுகிறது. வாள் பிடித்த கைதான் மாடும் மேய்த்தது. இதை மறந்து வெறும் வீரப் பரம்பரை என்று விழா மலர்களில் எழுதிவிடுகிறோம். அவர்களுடைய சடங்குகள் பாதி புரியாமல் போவது அதனால்தான்.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் போனால் மாட்டோடு உள்ள இந்த உறவு கண்ணுக்குத் தெரியும். அங்கே சலகெருதுதான் நாயகன். கோயிலுக்கென்று விட்ட காளையை, நீண்ட கழிகளோடு உறுமித் தாளத்துக்கு ஆடியபடியே மறிப்பார்கள். பொங்கலை ஒட்டி சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு அழைத்தும் போவார்கள். கரூர், மணப்பாறை வட்டாரத்தில் அதே மாடு ஓடுகிறது: மாலை தாண்டும் விழா. முதலில் எல்லை தாண்டிய மாட்டுக்குப் பரிசு எலுமிச்சம்பழம். அந்த ஒற்றைப் பழத்துக்காக ஊர் ஊராக மந்தைகள் வந்து நிற்கும்.

தெற்கே, எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசலில் மாடு விலகி மனிதக் கால் முன்னுக்கு வருகிறது. அதுதான் தேவராட்டம். ஜமீன் கோடாங்கிபட்டி அதன் பேர்பெற்ற ஊர். பாட்டுக் கிடையாது. தேவதுந்துமி என்னும் உறுமி, காலில் சலங்கை, கையில் துணி, வரிசையாக ஆண்கள். பாட்டும் கோமாளியும் வேண்டுமென்றால் இவர்களே ஆடும் சேவையாட்டம் இருக்கிறது.

இந்த மண்ணில்தான் கும்பினியாரோடு நடந்த பாளையக்காரர் போரில் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் எதிரெதிர் அணியில் நின்றன. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனும் கம்பளத்தார், எட்டயபுரத்து எட்டப்பரும் கம்பளத்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் இரண்டாம் பாளையக்காரர் போரும் முடிந்ததும் கும்பினியார் கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். கல்யாணத்திலும் கோயில் கொடையிலும் ஆடுகிற ஆட்டத்தை மட்டும் பறிக்க வழியில்லை.

சரி, நல்ல தேவராட்டம் எது? அடவுக் கணக்கில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு. 18 என்பாரும் உண்டு, 32 என்பாரும் உண்டு. எனக்கு அந்த எண்ணிக்கை முக்கியமில்லை. தாளம் மாறுவதற்கு முன் உறுமிக்காரர் தரும் குறிப்பை முதல் ஆட்டக்காரர் பிடிக்கிறாரா, அது கடைசி ஆள்வரை அதே மூச்சில் போய்ச் சேருகிறதா என்றுதான் பார்ப்பேன். மெல்லத் தொடங்கி ஏறும் ஆட்டம் இது. ஐந்து நிமிட மேடைக்காக உச்சத்திலேயே தொடங்கினால் ஏறுவதற்குப் படியே இருக்காது. இன்று கல்லூரிப் பெண்கள் ஆடுகிறார்கள், பிற சாதியாரும் கற்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒலிபெருக்கியில் பதிவு செய்த உறுமியைப் போட்டு ஆடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பதிவுக்கு ஆட்டக்காரரின் காலைப் பார்க்கத் தெரியாது.

தேவராட்டப் போட்டி நடத்துகிறவர்கள் மதிப்பெண் தாளில் உறுமிக்காரருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கட்டும். பரிசுப் பணத்தில் அவருக்குச் சம பங்கும் கொடுக்கட்டும்.