கோடுகளில் எழும் மலை

பேராக் மாநிலத்தின் தெற்கு வாசல் தஞ்சோங் மாலிம். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். இங்கே எல்லை குறிக்கும் வேலையை ஆறே செய்கிறது.

இந்த ஊரின் நில வரைபடத்தை மேசையில் விரித்துப் பாருங்கள். சம உயரப் புள்ளிகளை இணைக்கும் கோடுகள் கிழக்கே நெருங்கி நிற்கும்: அது தித்திவாங்சா மலைத்தொடரின் செங்குத்துச் சரிவு. மேற்கே அவை விலகும்: அது சமவெளி. ஓடையைக் கடக்கும் கோடு மேடு நோக்கி வளையும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம். தட்டைத் தாளில் மலையை எழுப்பும் இந்தக் கலைக்கு ஈடில்லை.

நிலத்தை அளந்து வரைபடமாக்கும் கலையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிப்படைக் கோடு ஒன்றை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் வளர்ந்தது.

மலாயாவின் பழைய வரைபடத் தாள்களில் ஓர் அங்குலம் ஒரு மைல். இன்றைய 1:50,000 தாளில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பழைய தாள்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெயரோடு இருக்கின்றன. நம் முன்னோர் பால்மரம் சீவிய பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. வீட்டில் பழைய வரைபடம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் பெயரைக் காட்டுங்கள்.